கூரையிலிருந்து இறங்கும் ஒலி: தென்திருவிதாங்கூர் எல்லையில் ஒரு கேட்கும் பழக்கத்தின் வரலாறு

வீட்டுத் திரையரங்கின் ஒலி நீண்ட காலம் தரையோடு ஒட்டிய ஒலியாகவே இருந்தது. திரைக்கு முன்னே மூன்று ஒலிபெருக்கிகள், பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்: இதுதான் 5.1 என்ற அமைப்பு. கேட்பவரின் காதுமட்டத்தில் ஒலி சுற்றி வருமே தவிர மேலே ஏறாது. கூரையிலும் ஒலிபெருக்கி பொருத்தி, மழையை மழையாகவே தலைக்கு மேலிருந்து கேட்கும் முறை 2014இல்தான் வீடுகளுக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அது திரையரங்குக்கு வந்தது. ஆனால் உயரத்திலிருந்து ஒலி கேட்கும் பழக்கம் தென்திருவிதாங்கூரில் அதைவிடப் பல தலைமுறை மூத்தது.

தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த குன்னத்துகால் இன்று கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் ஊராட்சி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு அரசாங்கத்துக்கு இருந்தது, காதுக்கு இருக்கவில்லை. எல்லையூரான களியக்காவிளைக்கு இருபுறமும் தமிழ், மலையாளம் இரண்டும் புழங்கின. ரஜினி படமும் மோகன்லால் படமும் ஒரே வீட்டுப் பேச்சில் வந்தன. இந்தப் பகுதியின் ஒலி வரலாற்றை ஒரு மாநிலத்துக்குள் அடைத்துச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இங்கே மின்னொலி முதலில் மேலிருந்துதான் வந்தது. கோவில் திருவிழாவுக்கும் தேவாலயத் திருநாளுக்கும் தென்னைமரத்திலும் கோபுரத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியை எல்லையின் இருபுறமும் 'கோளாம்பி' என்றார்கள். 1943இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தொடங்கியது; 1950இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. வானொலிப் பெட்டி வாங்க முடியாதவர்கள் பொது இடத்தில் உயரக் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று செய்தி கேட்ட காலம் அது. கேசட் வந்தபின் தேநீர்க்கடைகள் வேறொரு வழி கண்டன. மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்துப் பொருத்தி, கடையின் மூலையில் விட்டத்தை ஒட்டிக் கட்டித் தொங்கவிட்டார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று தாழ்ந்த சுரங்களுக்குக் கனம் கொடுத்தது. 4440 என்று மெக்கானிக்குகள் எண்ணால் அழைத்த ஐசி ஒன்று, ஒரு மின்மாற்றி, ஒரு பானை: அவ்வளவுதான் செலவு. தனியார் பேருந்துகளில் கூரையின் உட்பக்கம் வரிசையாக ஒலிபெருக்கி பதித்ததும் இதே காலத்தில்தான். இளையராஜா பாட்டை இந்தத் தலைமுறை பெரும்பாலும் தலைக்கு மேலிருந்தே கேட்டது எனலாம்.

இந்த ஒலியில் உயரம் இருந்தது, திசை இருக்கவில்லை. எல்லா ஒலிபெருக்கியும் ஒரே ஒலியைத்தான் தந்தது. பாட்டில் குழல் இந்தப் பக்கம், வயலின் அந்தப் பக்கம் என்ற பிரிவே கேட்பவருக்குக் கிடைக்காது. கோளாம்பிக்குக் கட்டுப்பாடும் பின்னால் வந்தது: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. ஊருக்குப் பொதுவாக ஒலித்தது மெல்ல வீட்டுக்குள் போனது.

ஒலிக்குத் திசை கொடுக்கும் முயற்சி வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனின் ஆலன் ப்ளூம்லைன் 1931இல் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்துக்கு ஃபேன்டசவுண்ட் என்ற பல்தட ஒலி அமைக்கப்பட்டது. செலவு மிகுந்ததால் சில அரங்குகளோடு நின்றது. உயரத்தையும் சேர்த்து யோசித்தவர்கள் முதலில் இசைக்காரர்களும் கட்டடக் கலைஞர்களுமே. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக லெ கொர்புசியே பொறுப்பில் எழுந்த மண்டபத்தின் வளைந்த சுவர்களில் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் பதிக்கப்பட்டு, எட்கர் வாரேஸின் மின்னிசை அவற்றின் வழியே மேலும் கீழும் ஓடியது. 1970 ஒசாகா கண்காட்சியில் ஜெர்மனி கட்டிய கோள அரங்கில் கேட்பவர்கள் நடுவே அமர, ஒலி அவர்களுக்கு மேலும் கீழும் சுற்றியது. இரண்டுமே கண்காட்சி முடிந்ததும் இடிக்கப்பட்டன. வணிகச் சினிமா அந்தப் பக்கம் திரும்ப இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

தமிழ், மலையாளச் சினிமா அந்த இடைக்காலத்தை ஒலியை அகலமாக்குவதில் செலவிட்டது. 1978இல் 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின. அவற்றைப் பாடியவர்களில் ஒருவரான யேசுதாஸ் 1980இல் திருவனந்தபுரத்தில் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல் மலையாளத்தில் 'படயோட்டம்', 1986இல் தமிழில் 'மாவீரன்' 70 மி.மீ. படச்சுருளில் வந்தன, அந்தச் சுருளில் ஆறு காந்த ஒலித்தடங்களுக்கு இடமுண்டு. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவிலும், 1996இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியிலும் வந்தன. டிடிஎஸ் வசதி உள்ளது என்ற ஒரு வரி சுவரொட்டியில் இருந்தால் சிறுநகர அரங்குக்குக் கூட்டம் வந்தது. எல்லாமே பெரிய முன்னேற்றங்கள்தாம். ஆனால் ஹெலிகாப்டர் திரைக்கு மேலே பறந்து போனாலும் அதன் ஒலி பக்கச் சுவர் வழியாகத்தான் பின்னால் போனது.

மனிதக் காது மேல், கீழ் அறிவது இடம், வலம் அறிவதிலிருந்து வேறுபட்டது என்பதால் இந்தக் குறையைச் சரிசெய்வது எளிதல்ல. இடமா வலமா என்பதை இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடும் அளவு வேறுபாடும் சொல்லிவிடும். நேர் மேலிருந்து வரும் ஒலி இரு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வரும். அப்போது செவிமடலின் மடிப்புகளே துணை. அவை உயர் அதிர்வெண்களில் சிலவற்றைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் ஒலியின் நிறத்தை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தைப் பழக்கத்தால் படித்து, ஒலி மேலிருந்து வருகிறது என மூளை முடிவு செய்கிறது. ஆகவே மேலொலியை மெய்யாக்க மிக எளிய வழி, மெய்யாகவே மேலே ஒரு ஒலிபெருக்கியை வைப்பது.

2012இல் டால்பி நிறுவனம் அட்மாஸ் முறையை அறிமுகப்படுத்தியபோது அரங்கின் கூரையில் இரண்டு வரிசை ஒலிபெருக்கிகள் ஏறின. அதைவிடப் பெரிய மாற்றம் ஒலியைப் பதிவு செய்யும் விதத்தில் இருந்தது. பழைய முறையில் ஒலிக்கலவையாளர் இந்த ஒலி இந்தத் தடத்துக்கு என்று பிரித்துவிடுவார். அட்மாஸில் ஒரு பறவையின் குரல் தனிப் பொருளாக, அது அறையில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்ற குறிப்போடு பதிவாகிறது. எந்த ஒலிபெருக்கியில் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை அரங்கில் உள்ள கருவி அங்குள்ள ஒலிபெருக்கிகளைப் பொறுத்துக் கணக்கிடும். திரையரங்கில் 128 ஒலித்தடங்கள் வரை கொள்ளும். 64 தனித்தனி ஒலிபெருக்கி வழிகள் வரை விரியும். ஒரே கலவை 64 வழி அரங்கிலும் நான்கு கூரை ஒலிபெருக்கி உள்ள வீட்டிலும் ஒலிக்க முடிவதற்கு இந்தக் கணக்கீடே அடிப்படை.

முதல் படம் 2012 ஜூனில் வந்த பிக்சாரின் 'ப்ரேவ்'. ஆறு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 12 அன்று, ரஜினிகாந்தின் பிறந்தநாளில், ஏ.வி.எம். நிறுவனத்தின் 'சிவாஜி' முப்பரிமாணத்தில் மறுவெளியீடு கண்டபோது, அட்மாஸ் ஒலியில் வந்த முதல் இந்தியப் படமானது. சென்னை சத்யம் அரங்கில் ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்கள் கூரையேறின. அடுத்த மாதமே கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' பெல்ஜியத்தின் ஆரோ 3டி முறையோடு வந்தது. ஆரோ முறையில் காதுமட்டம், அதற்கு மேல் ஓர் உயர மட்டம், உச்சியில் கூரை என மூன்று அடுக்குகள் உண்டு. உச்சி ஒலிபெருக்கியைத் தொழிலில் 'கடவுளின் குரல்' என்பார்கள். அதே படத்தை டிடிஎச் வழியாக வீடுகளிலும் காட்ட கமல் திட்டமிட்டதும், திரையரங்கு உரிமையாளர்கள் அதை எதிர்த்ததும் இந்த வரலாற்றில் சேர வேண்டியவை. புதிய ஒலிக்காக அரங்கும், புதிய வெளியீட்டு முறைக்காக வீடும் ஒரே படத்தில் மோதின. அந்த மோதலில் அன்று அரங்கு வென்றாலும் காலம் வீட்டின் பக்கம் நின்றது.

2014இல் அட்மாஸ் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் முதல் அட்மாஸ் ப்ளூ-ரே வெளியானது. 2015இல் டிடிஎஸ் நிறுவனமும் டிடிஎஸ்:எக்ஸ் என்ற போட்டி முறையைக் கொண்டுவந்தது. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஓக்ஜா' படத்தோடு அட்மாஸ் ஒலியைத் தொடங்கியதும் வட்டு வாங்கும் தேவை குறைந்தது. அமைப்பைக் குறிக்கும் எண்ணில் மூன்றாவது இலக்கம் சேர்ந்தது: 5.1.4 என்றால் காதுமட்டத்தில் ஐந்து, சப்வூஃபர் ஒன்று, தலைக்கு மேல் நான்கு. கூரையைத் தொட விரும்பாதவர்களுக்காக, மேல்நோக்கி ஒலியை எறிந்து கூரையில் மோதி இறங்கச் செய்யும் ஒலிபெருக்கிகளும் வந்தன. இவற்றுக்குக் கூரை தட்டையாகவும் கடினமாகவும், ஏறத்தாழ 2.3 முதல் 3.7 மீட்டர் உயரத்திலும் இருப்பது நல்லது என்பது டால்பியின் பரிந்துரை.

குன்னத்துகால், பாறசாலைப் பகுதியில் விஷயம் இங்கேதான் கூரையின் கைக்குப் போகிறது. பழைய வீடுகள் ஓட்டு வீடுகள். சிலவற்றில் ஓட்டுக்குக் கீழே மரத்தால் மச்சு உண்டு. சரிந்த ஓட்டுக்கூரையில் மோதிய ஒலி கேட்பவரிடம் வராமல் வேறு பக்கம் சிதறும். எனவே எறிஒலி முறை அங்கே பயன்படாது. மச்சு இருந்தால் அதன் சட்டத்தில் சிறிய ஒலிபெருக்கியைத் திருகிவிடலாம், மரத்தை வெட்டவும் வேண்டாம். வளைகுடாப் பணம் வந்தபின் எழுந்த வார்ப்பு வீடுகளில் கான்கிரீட் கூரை தட்டையாக இருப்பதால் எறிஒலிக்கும் ஏற்றது. ஆனால் டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் எதிரொலியைக் கூட்டுவதால் கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் இல்லாமல் அங்கே உயரம் தெளிவாகக் கேட்காது. வார்ப்புக்கு மேல் இரும்புச் சட்டமிட்டுத் தகடு வேய்வது இங்கே வழக்கம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தகட்டில் விழும்போது படத்தின் மழை தோற்றுப்போகும். மாடியறையைவிடக் கீழறையே படத்துக்கு நல்லது.

பொருத்தும் இடத்தைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். அமர்ந்தவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர், கூரை 3 மீட்டர் என்றால் நடுவே 2 மீட்டர். முன் இணை காதிலிருந்து 30 முதல் 55 பாகைக்குள் உயர வேண்டும் என்பது டால்பியின் வரையறை. அதன்படி அந்த ஒலிபெருக்கிகள் கேட்பவருக்கு முன்னே 1.4 முதல் 3.5 மீட்டர் தொலைவுக்குள் இருக்கலாம். பின் இணைக்கும் அதே அளவு இடம் பின்னால் வேண்டும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்ட அறையில் அந்த இடமே இருக்காது. அங்கே நான்கை முயல்வதைவிட, தலைக்கு நேர் மேலே ஓர் இணையோடு நிற்பது மேல். கூரை ஒலிபெருக்கிக்குச் செலவிடும் முன் காதுமட்டத்து ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். அவை சரியில்லாத வீட்டில் மேலொலி தனியாக மிதக்கும், காட்சியோடு சேராது.

ஏற்கெனவே வார்த்த கூரையைத் துளைத்து வயர் ஓட்டுவது கசிவை வரவழைக்கும் வேலை. இரண்டு பருவமழை கொட்டும் ஊரில் அந்தத் துணிச்சல் வேண்டாம். ஜிப்சம் பொய்க்கூரை அல்லது கூரையில் ஒட்டிச்செல்லும் பிவிசி பட்டையே போதும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வார்ப்புக்குக் கம்பி கட்டும் நாளில், மின்விளக்குக் குழாய்களோடு அமரும் இடத்துக்கு முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு வெற்றுக் குழாய்களைப் போட்டு வையுங்கள். ஒலிபெருக்கியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.