பதினாறு வயது காத்திருக்காது: கொழும்புக்கு இரண்டு தடவை வந்துபோன கிண்ணம்



2022 செப்டெம்பரை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கு கியூஆர் கோட், மின்வெட்டு, பால்மா தட்டுப்பாடு. இங்கே நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் நாட்டு நிலைமையால் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குப் போனது. 11ஆம் திகதி டுபாயில் நம் அணி பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. அதே நாள் சிங்கப்பூரில் நம் வலைப்பந்தாட்டப் பெண்கள் ஆசியச் சம்பியன் ஆனார்கள். 13ஆம் திகதி கட்டுநாயக்கவிலிருந்து ஊர்வலம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று எல்லா இடத்திலும் அதே பேச்சு.

அதற்கு அடுத்த நாள், 14ஆம் திகதி, கொழும்பிலேயே ஒரு சர்வதேச இறுதிப்போட்டி நடந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

17 வயதின் கீழ் தெற்காசிய உதைபந்தாட்டச் சம்பியன்ஷிப். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு என்று 6 நாட்டுப் பையன்கள் வந்து, பஞ்சகாலக் கொழும்பில் விளையாடினார்கள். கிரிக்கெட் நம்மை விட்டுப் போன மாதத்தில் உதைபந்து நம்மைத் தேடி வந்தது. இறுதிப்போட்டியில் இந்தியா நேபாளத்தை 4–0 என்று வென்றது. நம் பையன்கள் இறுதிப்போட்டிக்கு வரவில்லை.

விளையாடிய இடம் கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடல். 1893இல் வெள்ளைக்காரத் துரைமார் குதிரை ஓட்டத் திறந்த இடம். இரண்டாம் உலகப் போரில் அதையே விமான ஓடுபாதை ஆக்கினார்கள். 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, அவற்றை எதிர்க்க இங்கிருந்தும் போர் விமானங்கள் கிளம்பின. துரைமாரின் குதிரைக்கும் விமானத்துக்கும் இருந்த அந்தத் தரையில் இப்போது நம் பிள்ளைகள் நாட்டுக்காக விளையாடுகிறார்கள்.

ஆனால் கொழும்பு உதைபந்தின் வேர் கறுவாத்தோட்டத்தில் இல்லை. அது கொம்பனித்தெருவிலும் ஜாவா லேனிலும் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறது. மலே குடும்பங்களும் சோனகக் குடும்பங்களும் தமிழ், சிங்களக் குடும்பங்களும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் தெருக்கள். ஜாவா லேன், ரினோன், சோண்டர்ஸ் என்று கழகப் பெயர்களைக் கேட்டாலே நம் வாப்பாமாரின் முகம் மலரும். ஸாஹிராவும் ஹமீத் அல் ஹுஸைனியும் புனித பெனடிக்டும் மோதினால் பாடசாலை விட்ட பிறகும் தர்க்கம் ஓயாது. கிரிக்கெட்டுக்குத் துடுப்பு, காப்பு, கையுறை எல்லாம் வாங்க வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்து போதும், அதுவும் பத்துப் பேருக்கு ஒன்று. அதனால்தான் அது நம் தெருக்களின் விளையாட்டு ஆனது.

இது வெறும் பழம்பெருமை இல்லை. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை இந்தியாவை மேலதிக நேரத்துத் தங்க கோலால் 1–0 என்று வென்றது. அடுத்த ஆண்டு லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் கிடைத்தது. நாட்டின் பணமும் தொலைக்காட்சியும் பெற்றோரின் கனவும் அந்தப் பக்கம் சாய்ந்தன. எண்பதுகளில் நம் பக்கீர் அலி டாக்காவின் அபஹானி கழகத்துக்குப் போய் விளையாடினார். அன்று நம்மிடம் வீரர் தேடிய ஊர் டாக்கா. 2006 தெற்காசிய விளையாட்டு விழாவில் 23 வயதின் கீழ் அணிகள் மோதின. இறுதிப்போட்டி வரை போன நாம் பாகிஸ்தானிடம் 0–1 என்று தோற்றோம். அது தோல்விதான், ஆனால் இறுதிப்போட்டித் தோல்வி.

இனி நான் சொல்ல வந்த விடயம். உதைபந்தில் பீபாவின் ஒரு விதி கடுமையானது: நாட்டின் சம்மேளனத்தில் அரசோ வேறு வெளியாரோ தலையிட்டால் தடை. தடை வந்தால் எந்த வயது அணியும் வெளியே விளையாட முடியாது. அந்தக் காலத்தில் இந்தத் தடை தெற்காசியாவில் மூன்று வீடுகளைத் தட்டியது.

பாகிஸ்தானுக்கு 2021 ஏப்ரலில் வந்து 2022 ஜூன் வரை நீடித்தது. கொழும்புக்கு வந்த 6 அணிகளில் பாகிஸ்தான் இல்லை.

இந்தியாவுக்கு 2022 ஓகஸ்ட் நடுவில் வந்தது. ஒக்டோபரில் 17 வயதின் கீழ் பெண்கள் உலகக் கிண்ணத்தை அவர்கள் நடத்த வேண்டும். கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் நீதிமன்றம் முதல் அரசு வரை ஓடினார்கள். 26ஆம் திகதி தடை நீங்கியது. செப்டெம்பர் தொடக்கத்தில் அவர்களுடைய பையன்கள் கொழும்பில் இறங்கி, கிண்ணத்தோடு திரும்பினார்கள்.

மூன்றாவது வீடு நம்முடையது. கொழும்பில் அந்தப் போட்டி முடிந்து நான்கு மாதம்தான். 2023 ஜனவரியில் சம்மேளனத் தேர்தலைச் சுற்றிய இழுபறி முற்றி, 21ஆம் திகதி பீபா இலங்கையைத் தடை செய்தது. இந்தியா 11 நாளில் தீர்த்ததை நாம் ஏழு மாதம் இழுத்தோம். ஓகஸ்ட் கடைசியில்தான் நீங்கியது.

அந்த ஏழு மாதத்தில் என்ன போனது? பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் பெரியவர்களின் அணி இல்லை. அதை எல்லோரும் பேசினார்கள். யாரும் பேசாதது இன்னொன்று. தடை நீங்கிய சில நாட்களில், செப்டெம்பர் 1ஆம் திகதி, பூட்டானின் திம்புவில் 16 வயதின் கீழ் தெற்காசியச் சம்பியன்ஷிப் தொடங்கியது. 6 நாடுகள் விளையாடின. இலங்கை அதில் இல்லை.

பெரிய வீரருக்கு ஏழு மாதம் ஓர் இடைவெளி. அடுத்த ஆண்டு வந்து விளையாடுவார். ஆனால் 15 வயதுப் பையனுக்கு அது இடைவெளி இல்லை. அவனுடைய பிறந்த திகதி பிறப்புச் சான்றிதழில் எழுதியாயிற்று. அந்த வயதெல்லை அவனுக்குக் கொஞ்ச காலம்தான் திறந்திருக்கும். ஒன்றிரண்டு ஆண்டில் அவன் அந்த அணிக்கு வயது கூடியவன். அதோடு சாதாரண தரப் பரீட்சை வரும், டியூஷன் வரும், வீட்டில் "பந்து போதும்" என்ற வார்த்தை வரும். தேர்தலில் மோதிய பெரியவர்கள் யாருக்கும் வயது எல்லை இல்லை. விலை கொடுத்தவர்கள் வாக்கில்லாத பையன்கள்.

2025 செப்டெம்பரில் அதே கிண்ணம் மறுபடியும் அதே திடலுக்கு வந்தது, இம்முறை 7 நாடுகளோடு. நாம் அரையிறுதிக்கும் போகவில்லை. இறுதிப்போட்டியில் இந்தியாவை ஆட்டம் முடியும் தறுவாயில் பங்களாதேஷ் 2–2 என்று சமன் செய்தது; பெனால்டியில் இந்தியா 4–1. 15, 16, 17 என்று வயது மாறி மாறி 2011இலிருந்து நடக்கும் இந்தப் போட்டியில் இது இந்தியாவின் ஏழாவது கிண்ணம். மற்றவை பங்களாதேஷுக்கு இரண்டு, பாகிஸ்தானுக்கு ஒன்று. நமக்கு ஒன்றும் இல்லை.

இந்தியா பெரிய நாடு, ஆள் பலம் உண்டு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2017, 2019, 2022, 2025 ஆகிய நான்கு தடவையும் கிண்ணம் வென்ற இந்திய அணிகளுக்குப் பயிற்றுவிப்பாளர் ஒரே மனிதர், கோவாவின் பிபியானோ பெர்னாண்டஸ். சம்மேளனத் தலைவர்கள் மாறினார்கள், தடை வந்து போனது, ஆனால் அந்த நான்கு தடவையும் பையன்களோடு அவர்தான் இருந்தார். சனத்தொகையை நாம் கடன் வாங்க முடியாது. இந்தத் தொடர்ச்சியை உருவாக்க முடியும்.

நம் ஊரவரிடம் மூன்று கோரிக்கை. ஒன்று, பாடசாலைக்கு இடையிலான போட்டி நடந்தால் போய்ப் பாருங்கள். ஆள் இல்லாத மைதானத்தில் பிள்ளை வளராது. இரண்டு, ஓ.எல் ஆண்டில் பந்தை முழுதாகப் பறிக்காமல் பயிற்றுவிப்பாளரோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து நேர அட்டவணை போடுங்கள். இரண்டையும் செய்த பிள்ளைகளை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். மூன்று, கழகங்களில், லீக்கில், சம்மேளனத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். நம் பள்ளிவாசலில் தொழுகிறார்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போது, யாருடைய ஆள் என்று விசாரிக்க வேண்டாம். 2023இல் திம்புவுக்குப் போகாத பையன்களுக்கு என்ன பதில் என்று கேளுங்கள்.

கிண்ணம் இன்னொரு தடவை கொழும்புக்கு வரும், இன்ஷா அல்லாஹ். அன்று விளையாட வேண்டியவன் இப்போது ஆறாம், ஏழாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.