சோம்பேறி வாயுவும் கண்ணாடிச் சுவரும்

மலர்க் குழு நண்பர்கள், "படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி விஞ்ஞான வரலாறு ஏதாவது எழுதுங்க" என்று கேட்டார்கள். நைட்ரஜன் எதனோடும் எளிதில் சேராத சோம்பேறி வாயு என்றுதான் நாமெல்லாம் படித்தோம். அந்தச் சோம்பேறி விழித்துக்கொண்டு அரை நூற்றாண்டுக் காலம் விஞ்ஞானிகளைத் திணறடித்த கதை இது. இதில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

1911ல் லண்டனில் ஆர்.ஜே. ஸ்ட்ரட் ஒரு சோதனை செய்தார். இவர் ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராலே பிரபுவின் மகன். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பொன்மஞ்சள் ஒளி அணையவில்லை! அந்த வாயு சோடியத்தோடும் பாஸ்பரஸோடும் சுறுசுறுப்பாக வினை புரிந்தது. மூலக்கூறு பிளந்து தனி அணுக்கள் உண்டாகியிருக்க வேண்டும் என்று ஸ்ட்ரட் கருதினார். இதற்கு 'ஆக்டிவ் நைட்ரஜன்' என்று பெயர் வந்தது.

உடனே சண்டை கிளம்பியது. சுத்தமான நைட்ரஜனில் இந்த ஒளி வராது, துளி ஆக்சிஜன் கலந்தால்தான் வரும் என்று 1913ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் சொன்னார்கள். ஸ்ட்ரட் மறுத்தார். ஆனால் துளி கலப்படம் இருந்தால் ஒளி கூடுகிறது என்பதை அவரும் பார்த்தார். காரணம் வாயுவில் மட்டும் இல்லை, பாத்திரத்தின் சுவரிலும் இருந்தது.

அது எப்படி? இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேரும்போது பெரும் சக்தி வெளிப்படும். அதை வாங்கிக்கொள்ள மூன்றாவது துகள் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டும் மறுபடி பிரிந்துவிடும். அழுத்தம் குறைந்த இடத்தில் மூன்றும் ஒரே சமயத்தில் சந்திப்பது அபூர்வம். ஆகவே தனி அணு நெடுநேரம் பிழைத்திருக்கிறது. தீபத்தன்று நம்ம ஊர்த் தேரடி வீதியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் இடிபட்டு, திரும்பி, மறுபடி இடிபட்டு எப்படியோ ஒரு கடைச் சுவரில் போய்ச் சாய்வார் அல்லவா? அணுவும் அப்படித்தான் சுவரை அடைகிறது. அங்கே ஒட்டியிருக்கும் இன்னொரு அணுவோடு சேர்கிறது; சக்தியைச் சுவர் வாங்கிக்கொள்கிறது.

எல்லாச் சுவரும் ஒன்றல்ல. பல உலோகங்களின் மேல் அணுக்கள் சட்டென்று சேர்ந்துவிடும். கண்ணாடியில் மெதுவாகத்தான் சேரும். ஆக்சிஜன், ஈரம் போன்றவை முந்திக்கொண்டு சுவரில் இடம் பிடித்துவிட்டால் இன்னும் மெதுவு. துளி கலப்படம் ஒளியை வாழவைத்த ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது கல்கத்தாவுக்கு வருவோம். நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து 1919ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர் சிசிர் குமார் மித்ரா. இரவு வானத்தின் மெல்லிய ஒளிர்வை ஆராய்ந்தவர். வானத்துக்கு ஏது சுவர்? அந்த வழியில் யோசித்த அவர், ஆக்டிவ் நைட்ரஜன் என்பது தனி அணு அல்ல, மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு என்று 1945ல் புத்தகமே வெளியிட்டார். 1950களில் புதிய கருவிகள், குறிப்பாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், தீர்ப்புச் சொல்லின: முக்கியப் பாத்திரம் தனி அணுவே.

மித்ராவின் கொள்கை தோற்றது, மித்ரா தோற்கவில்லை. அவர் 1947ல் எழுதிய மேல் வளிமண்டலம் பற்றிய நூலை உலகமே படித்தது. 1958ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நம்மவர் கொள்கை என்பதற்காக அதைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், தோற்றதற்காக மறைக்கவும் வேண்டாம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது முன்னால் உள்ள காற்று கொதித்து அணுக்களாகப் பிளக்கிறது. அவை கலத்தின் மேற்பரப்பை அடைந்து சேர்ந்தால் கூடுதல் சூடு. இங்கே கலத்தின் தோல்தான் அந்தச் 'சுவர்'. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் ஓடுகளுக்குக் கண்ணாடி போன்ற பூச்சு கொடுத்தது இந்தச் சூட்டைக் குறைக்கவும் உதவியது. 2007 ஜனவரி 10ல் நாம் ஏவிய எஸ்.ஆர்.இ.-1 கலம், சிலிகா ஓடுகள் போர்த்தி, 22ஆம் தேதி வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது.

தம்பி தங்கைகளே, ஆய்வுக்கூடத்தில் கணக்கு ஒத்துவராவிட்டால் உள்ளே இருக்கும் பொருளை மட்டும் சந்தேகிக்காதீர்கள். அது இருக்கும் பாத்திரத்தையும் ஒரு தடவை பாருங்கள்.