வெண்மணியும் கர்மக் கணக்கும்

கடவுள் நல்லவரெனில் தீமை ஏன் என்பது தத்துவ வகுப்பில் தீராத கேள்வி. நம் மண்ணில் அதைக் கேட்கவே விடவில்லை. முற்பிறவிக் கர்மம் என்று முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார்கள். துன்பப்பட்டவனே குற்றவாளியானான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்தச் சேரி செய்தவை. மடியிலிருந்த பிள்ளைக்கு எந்தப் பிறவியின் பாவம்? கீழ் நீதிமன்றம் மிராசுதார்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றமோ விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அதனால் நம்ப முடியவில்லையாம். மேலே இருப்பவன் நல்லவன், கீழே கிடப்பவன் பாவி என்ற அதே கர்மக் கணக்குத்தான், சட்ட மொழியில்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், படைத்தவன் இல்லாத பௌத்தத்தை அம்பேத்கர் ஏற்றார். அதோடு நிற்கவில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், பௌத்தத்துக்குள் நுழைந்திருந்த முற்பிறவிக் கர்மத்தையும் மறுத்தார். கடவுளை விடுவதைவிட இதை விடுவதே அவருக்கு அவசரமாயிருந்தது என்று நாம் வாசிக்கிறோம்.

நம் அம்மாக்கள் இன்னும் மாரிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கேலி செய்ய நமக்கு மனமில்லை, தோழர்களே. கோபம் வந்தால் அவளையே ஏசுகிறவர்கள் அவர்கள். "எல்லாம் தலையெழுத்து" என்று அவர்கள் சொல்லும்போது மட்டும் நாம் குறுக்கே பேசுகிறோம்.