இரண்டு தந்தையரும் 27 தொகுதிகளும்

தொலைபேசியில் 'சற்றுக் காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டு ஓடவிடும் வயலின் இசையைக் கேட்காதவர்கள் குறைவு. ஹோட்டல் வரவேற்புக் கூடங்களிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி ஒலிப்பது அந்த 'நான்கு பருவங்கள்'தான். 1725ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்தப் படைப்பை எழுதியவர் வெனிஸ் நகரத்து அந்தோனியோ விவால்டி. ஆனால் அவர் தம் வாழ்நாளில் அதிகம் உழைத்ததும், பணத்தைப் போட்டதும், பகையைச் சம்பாதித்ததும் வயலினுக்காக மட்டுமல்ல. ஓபரா எனப்படும் இசை நாடகத்துக்காக. அந்த நாடகப் பாடல்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் கிடந்தன.

விவால்டி பிறந்தது 1678ஆம் ஆண்டு. 1703இல் பாதிரியாராகப் பட்டம் பெற்றார். செந்நிறத் தலைமுடி இருந்ததால் 'சிவப்புப் பாதிரியார்' என்பது ஊரார் வைத்த பெயர். அதே ஆண்டு பியெத்தா என்ற ஆதரவற்ற பெண் குழந்தைகளின் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். 1713இல் விச்சென்சா நகரில் முதல் ஓபரா அரங்கேறியது. பிறகு வெனிஸின் சாந்தாஞ்செலோ அரங்கில் இசையமைப்பாளராக மட்டுமல்லாமல் நிர்வாகியாகவும் இருந்தார். தாம் 94 ஓபராக்கள் எழுதியதாக 1739ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவரே குறிப்பிட்டார். இன்று பெயரளவில் தெரிபவை ஏறத்தாழ ஐம்பதுதான். மனிதர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் போலும்!

அந்தக் கால ஓபராவின் உயிர் 'ஆரியா'. கதை நகரும்போது பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவிலான நடையில் பாத்திரங்கள் உரையாடுவார்கள். உணர்ச்சி பொங்கும் இடத்தில் கதை நின்றுவிடும். ஒருவர் மேடையின் முன்னே வந்து தனிப்பாடல் பாடுவார். அதுவே ஆரியா. முதல் பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி என்பது அதன் அமைப்பு. நம் கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது பாடகர் தம் கற்பனைக்கேற்ப அழகு சேர்த்துப் பாட வேண்டும். கூட்டம் காத்திருந்தது அதற்காகத்தான். எந்த ஊருக்குப் போனாலும் தமக்குக் கைதட்டல் வாங்கித் தந்த ஆரியாவைப் பெட்டியில் எடுத்துப்போய், அதை அங்குள்ள நாடகத்தில் செருகிவிடும் பாடகர்களும் இருந்தார்கள்.

இப்படி ஒரு பருவத்துக்கென எழுதப்பட்ட நாடகங்களை யாரும் அச்சிடவில்லை. கதை வசனம் மட்டும் சிறு புத்தகமாக விற்கப்படும். இசை கையெழுத்துப் பிரதியாகவே இருக்கும். அடுத்த ஆண்டு ரசனை மாறினால் பழையது மூலைக்குப் போய்விடும். விவால்டியே அந்த மாற்றத்தில் அடிபட்டவர்தான். வெனிஸில் மவுசு குறைந்த நிலையில் வியன்னாவுக்குப் போனவர், 1741ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி அங்கேயே இறந்தார். ஏழைகளுக்குரிய முறையில் அடக்கம் நடந்தது.

அவரிடம் இருந்த கையெழுத்துப் பிரதிகள் வெனிஸைச் சேர்ந்த யாக்கோப்போ சொரான்சோ என்ற புத்தகப் பிரியரிடம் போயின. பின்னர் ஜெனோவாவைச் சேர்ந்த ஜாக்கோமோ துராசோ பிரபுவின் கைக்கு வந்தன. அதன் பிறகு அவற்றைப் பற்றி வெளியுலகத்துக்கு ஒரு தகவலும் இல்லை.

1926ஆம் ஆண்டு. இத்தாலியின் மொன்ஃபெராத்தோ பகுதியில் சலேசிய சபையார் நடத்திய ஒரு பள்ளிக்குப் பணம் தேவைப்பட்டது. துராசோ குடும்பத்து வாரிசு ஒருவர் விட்டுச்சென்ற பழைய இசை ஏடுகள் அங்கே இருந்தன. விற்றால் என்ன கிடைக்கும் என்று துரின் தேசிய நூலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். நூலக இயக்குநர் லூயிஜி தோரி, துரின் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்த அல்பெர்த்தோ ஜென்தீலியிடம் அதைப் பார்க்கச் சொன்னார். வந்து சேர்ந்தவை 97 தொகுதிகள். அவற்றில் 14 தொகுதிகள் விவால்டியுடையவை. பெரும்பாலானவை அவர் கையாலேயே எழுதியவை.

ஜென்தீலி மகிழ்ந்தாரா, பயந்தாரா என்று சொல்வது கடினம். 1904ஆம் ஆண்டுத் தீ விபத்தில் பெரும் இழப்பைச் சந்தித்த நூலகம் அது, வாங்கப் பணமில்லை. செய்தி வெளியே கசிந்தால் பழம்பொருள் வியாபாரிகள் முந்திக்கொள்வார்கள், தொகுதிகள் சிதறிப்போகும். அவர் கதவைத் தட்டியது ரொபெர்த்தோ ஃபோவா என்ற பங்குத் தரகரிடம். ஃபோவா தம் மகன் மௌரோவைச் சிறு குழந்தையாகவே பறிகொடுத்திருந்தார். மகனின் பெயர் நிலைக்கட்டும் என்று 1927இல் மொத்தத்தையும் வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தார்.

இத்துடன் முடியவில்லை. ஏடுகளைப் புரட்டிய ஜென்தீலிக்கு ஒன்று புலப்பட்டது: தொகுதி எண்களில் இடைவெளி இருந்தது. பாகப்பிரிவினையின்போது நூலகமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது! மற்றப் பாதி எங்கே? துராசோ குடும்ப மரத்தைத் துருவிப் பார்த்ததில், ஜெனோவாவில் ஜுசெப்பே மரியா துராசோ என்ற முதியவரிடம் வந்து நின்றது தேடல். பெரியவர் எளிதில் அசையவில்லை. அவருக்கு ஆன்மிக ஆலோசனை சொல்லி வந்த பாதிரியாரைக் கொண்டு பேசித்தான் வழிக்குக் கொண்டுவர முடிந்தது. இந்த முறை பணம் கொடுத்தவர் ஃபிலிப்போ ஜோர்தானோ என்ற துணி ஆலை அதிபர். அவரும் ரென்சோ என்ற மகனைச் சிறு வயதில் இழந்தவர். 1930இல் இரண்டு பாதிகளும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன: விவால்டியின் 27 தொகுதிகள், ஏறத்தாழ 450 படைப்புகள். இன்றும் துரினில் அவை 'மௌரோ ஃபோவா தொகுப்பு', 'ரென்சோ ஜோர்தானோ தொகுப்பு' என்றே அழைக்கப்படுகின்றன.

ஜென்தீலிக்கு என்ன கிடைத்தது? அவர் யூதர். 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் அவருடைய பல்கலைக்கழகப் பணியைப் பறித்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சியெனா நகரில் 'விவால்டி வாரம்' கொண்டாடப்பட்டு, 'ஒலிம்பியாதே' ஓபரா மீண்டும் மேடையேறியது. புதையலைத் தோண்டியெடுத்தவருக்கு அந்த விழாவில் இடமில்லை. அப்போது ஐரோப்பாவில் போரும் மூண்டிருந்தது.

போருக்குப் பின் விவால்டியின் வயலின் இசை உலகம் சுற்றியது. ஓபராக்கள் மட்டும் அலமாரியிலேயே இருந்தன. தெரியாமல் இருந்தது போய், தெரிந்தும் தொடாமல் இருந்த காலம் இது. காரணம் உண்டு. சிறுவயதிலேயே விதை நீக்கம் செய்யப்பட்டு, பெண்குரலின் உயரத்தில் ஆண்கள் பாடிய பாத்திரங்கள் பல. அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போல அடுக்கடுக்காக விழும் வேகமான சுரங்களைப் பாடப் பயின்ற பாடகர்களும் அரிது. 1978இல் வெரோனாவில் மரிலின் ஹார்ன் 'ஒர்லாந்தோ ஃபுரியோசோ'வில் பாடியபோதுதான் கதவு சற்றுத் திறந்தது. 1999இல் செச்சிலியா பார்தோலி, பெரும்பாலோர் கேட்டிராத ஆரியாக்களைத் திரட்டி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது உலகெங்கும் விற்றது. கிராமி விருதும் பெற்றது. துரின் ஏடுகளை ஒவ்வொன்றாக ஒலிப்பதிவு செய்யும் பெருந்திட்டம் 2000இல் தொடங்கியது.

பார்தோலியின் அந்தத் தட்டில் 'ஃபர்னாச்சே' ஓபராவின் ஓர் ஆரியா இருக்கிறது. ரோமானியரிடம் தோற்ற மன்னன் ஃபர்னாச்சே, எதிரியிடம் சிக்கக்கூடாது என்று தன் மகனைக் கொன்றுவிடும்படி மனைவிக்கு ஆணையிட்டவன். மகன் இறந்துவிட்டான் என்று நம்பி, தன் நாளங்களில் ரத்தம் உறைவதாகப் பாடுகிறான். இசை தொடங்கும்போது காது நிமிர்கிறது. எங்கோ கேட்ட ஒலி. ஆம், 'நான்கு பருவங்க'ளின் குளிர்காலப் பகுதியில் பல் கிட்டிக்கும் நடுக்கத்தைக் காட்டிய அதே சுரங்களைத்தான் விவால்டி இங்கே எடுத்தாண்டிருக்கிறார். அங்கே வானிலை; இங்கே ஒரு தகப்பனின் உடல். பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பாட்டில் வேக வித்தை ஏதும் இல்லை. விவால்டிக்கு வயலின் தவிர வேறொன்றும் தெரியாது என்று சொன்னவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

நாடகத்தில் பையன் சாகவில்லை; தாய் அவனை ஒளித்து வைத்திருந்தாள். அந்த 'ஃபர்னாச்சே' ஏடுகள் இருப்பது ரென்சோ ஜோர்தானோ தொகுப்பில்.

தேடல் துரினுடன் நின்றுவிடவும் இல்லை. பெர்லின் பாடகர் சங்கம் ஒன்றின் இசை ஏடுகள் இரண்டாம் உலகப் போரின் முடிவில் கீவ் நகரத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. 1999இல் இருப்பிடம் தெரிந்து, 2001இல் அவை பெர்லின் திரும்பின. 2002இல் ஸ்டெஃபன் ஃபோஸ் என்ற ஆய்வாளர் அவற்றில் பெயர் இல்லாத ஒரு பிரதியைப் பார்த்து, 1733இல் வெனிஸில் அரங்கேறிய விவால்டியின் 'மொத்தெசூமா' அது என்று அடையாளம் கண்டார். மெக்சிகோ மன்னனைப் பற்றிய அந்த ஓபராவுக்கு உரிமை யாருடையது என்ற வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போனது. முதன்முதலில் வெளியிட்டவர் என்ற உரிமையைச் சங்கம் கோரியது. 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் அரங்கேறிய ஓபராவின் பிரதியை விரும்பியவர்கள் எழுதி வாங்கிக்கொள்ள முடிந்தது. எனவே அது அன்றே வெளியானதாகக் கருதலாம் என்று 2009இல் நீதிபதிகள் கூறிவிட்டனர். பிரதியின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. அதனால் 'மொத்தெசூமா' மேடையேறும் ஒவ்வொரு முறையும், விடுபட்ட இடங்களை விவால்டியின் வேறு இசையைக் கொண்டோ புதிதாக எழுதியோ நிரப்பிக்கொள்கிறார்கள்.