கோல்ஃபும் டபுள் ஷிஃப்டும்

மெட்ராஸுக்கு கோல்ஃப் வெள்ளைக்காரன் காலத்துலேயே வந்துடுச்சு. ஆனா டீக்கடைப் பேச்சுல அதை நான் கேட்டது ஒரகடத்துலதான். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாராக ஆரம்பிச்சுது. கொரியாக்காரங்க, ஜப்பான்காரங்கன்னு அடுத்தடுத்து வந்தாங்க. ஞாயித்துக்கிழமைன்னா மட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க.

ஆசைப்பட்டு நானும் போனேன். சொல்லிக்குடுத்தவர் "பிளேன் மாறுது சார்"னு தலையில அடிச்சுக்கிட்டார். நாலே வாரத்துல நமக்கு இது ஆகாதுன்னு விட்டுட்டேன். ஆனா இந்த பிளேன் எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் தேடிப் பார்த்தேன்.

மட்டையைச் சுழற்றும்போது அது போற சாய்வான தளம்தான் ஸ்விங் பிளேன். இதைப் பிரபலமாக்கினவர் பென் ஹோகன். 1957-ல ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில தொடர் எழுதினார். அதுக்கு ஆன்டனி ராவியெல்லி ஒரு படம் போட்டார். பந்துலேருந்து தோள் மேல சாய்ச்சு வெச்ச பெரிய கண்ணாடி. நடுவுல ஓட்டை, அதுல ஹோகன் தலை. மட்டையைத் தூக்கறப்போ கண்ணாடி உடையக் கூடாது. அவ்ளோதான் பாடம்.

ஆனா அதே தொடர்லயே ஹோகன் இன்னொண்ணும் சொல்லியிருக்கார். மட்டை இறங்கும்போது பிளேன் வேற, இன்னும் கொஞ்சம் தட்டையா இருக்கும்னு. படம் எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிச்சு, இந்த விஷயம் பல பேருக்கு மறந்துபோச்சு.

அடுத்து ஹோமர் கெல்லி. போயிங்ல வேலை பார்த்தவர், அதாவது நம்மள மாதிரி ஃபேக்டரி ஆளு. 1969-ல 'த கோல்ஃபிங் மெஷின்' புத்தகத்துல ஸ்விங்கை 24 பாகமா கழட்டி வெச்சுட்டார். பிளேன் மாறலைன்னா ஜீரோ ஷிஃப்ட், ஒரு தடவை மாறினா சிங்கிள், ரெண்டு தடவைன்னா டபுள் ஷிஃப்ட். (ஒரகடத்துல டபுள் ஷிஃப்டுக்கு அர்த்தமே வேற :-)) மாத்தறது ரிஸ்க்னுதான் அவரும் சொன்னார். ஆனாலும் தப்புன்னு ஒதுக்காம, இதுவும் ஒரு வகைன்னு பட்டியல்ல சேர்த்தார்.

1960-கள்லயே ட்ரூ டெம்பர் கம்பெனி, பைரன் நெல்சன் ஸ்விங்கைப் பார்த்து 'அயர்ன் பைரன்'னு ஒரு இயந்திரம் செஞ்சுது. மட்டையைச் சோதிக்கத்தான். எங்க வெல்டிங் ரோபோ மாதிரி, எத்தனை தடவை அடிச்சாலும் ஒரே பாதை. மனுஷ உடம்பு அப்படியா?

ஜிம் ஃப்யூரிக்கைப் பாருங்க. மட்டையைச் செங்குத்தா தூக்கி, மேல ஒரு வளையம் போட்டு, முதுகுப் பக்கமா இறக்குவார். சுத்தமான கோணல். அந்தக் கோணலை வெச்சுத்தான் 2003-ல யுஎஸ் ஓபன் ஜெயிச்சார். 2016-ல ஒரே ரவுண்டுல 58. பிஜிஏ டூர்ல அதுவரைக்கும் யாரும் அவ்வளவு குறைவா அடிச்சதில்லை. பந்தைத் தொடற நொடியில மட்டை சரியா வந்துடுது, அதான் விஷயம்.

இதெல்லாம் படிச்சப்புறம் போன வாரம் மறுபடி மட்டையை எடுத்தேன். பந்து இன்னும் வேலிப் பக்கம்தான் போகுது. ஆனா வெட்கம் மட்டும் போயிடுச்சு.