கனெக்டிகட்டின் பந்தல் புகையிலை

சுருட்டின் மேல் சுற்றும் இலை மெல்லியதாக, ஓட்டையின்றி, நரம்பு தடிக்காமல், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பதால் விலையும் அதற்கே அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மேலிலைக்குப் பெயர்போனது சுமத்ராவின் டெலி பகுதி. 1863இல் டச்சுக்காரர் யாகோபுஸ் நீன்ஹயிஸ் அங்கு தொடங்கிய புகையிலைப் பயிர், பெருந்தோட்டத் தொழிலாக வளர்ந்தது. சாகுபடி வேலையைப் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் செய்தார்கள். சாலை போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள்.

டெலி இலையின் வரவால் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கு விவசாயிகள் நொடித்தார்கள். 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதி மேலிலைக்கு ராத்தலுக்கு 2 டாலர் வரி விதித்தது. அப்போதும் சுமத்ரா இலைக்கு மவுசு குறையவில்லை. ஃப்ளோரிடாவில் பந்தலடியில் புகையிலை வளர்த்த அனுபவத்தைப் பின்பற்றி, 1900இல் கனெக்டிகட்டின் விண்ட்சர் ஊரின் போக்வானக் பகுதியில் துணிப் பந்தல் போட்டுச் சுமத்ரா விதையை விதைத்துப் பார்த்தார்கள். பின்னாளில் நிலைத்தது கியூபா வழி வந்த ரகம்.

கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஆளுயரத்துக்கு மேல் மெல்லிய பருத்தித் துணி விரிக்கப்பட்டது. வெயில் தணிந்தது, உள்ளே ஈரப்பதமும் வெப்பமும் கூடின, இலை அகன்று மெலிந்தது. வெப்பமண்டலத் தீவின் தட்பவெப்பத்தைக் குளிர்நாட்டு வயலில் துணியால் உண்டாக்கியது வேளாண்மையின் அரிய சாதனை.

ஆனால் இதற்கு ஆள்பலம் ஏராளமாக வேண்டும். அடியிலையிலிருந்து தொடங்கி, முதிர முதிரச் சில இலைகளாகக் கையால் கிள்ள வேண்டும். பிறகு அவற்றை நூலில் கோத்துக் கொட்டகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்ய வேண்டும். உள்ளூர்ச் சிறுவர் சிறுமியரோடு, முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து தென்மாநிலக் கருப்பின மாணவர்களும், பின்னர் ஜமைக்கா, புவேர்ட்டோ ரிக்கோ தொழிலாளர்களும் வந்தார்கள். 1944 கோடையில் கனெக்டிகட்டின் சிம்ஸ்பரி ஊரில் இலை கிள்ளிய மாணவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். கருப்பரும் வெள்ளையரும் ஒரே தேவாலயத்தில் வழிபடுவதை அவர் அங்கிருந்து வீட்டுக்கு வியப்போடு எழுதினார். ஊர் திரும்பும் வழியில், வாஷிங்டனிலிருந்து மறுபடியும் கருப்பருக்கான தனி ரயில் பெட்டியில் ஏற வேண்டியிருந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றில் இலையின் தரத்தைவிட நினைவில் வைக்க வேண்டியது இவர்களின் உழைப்பைத்தான்.

பின்னாளில் சுருட்டுப் பழக்கம் குறைந்தது, கூலி ஏறியது, நீலப் பூஞ்சண நோய் தாக்கியது, நிலங்கள் வீட்டுமனைகளாயின. இன்று கனெக்டிகட் விதை ஈக்வடாரில் பெருமளவில் பயிராகிறது. அங்கு மேகமூட்டமே நிழல் தருவதால் துணிப் பந்தல் தேவைப்படுவதில்லை.