மூன்று மீட்டர் கம்பிவடம்

ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குள் உதிரிப் பாகங்களை ஏற்றிச் செல்வதற்காகப் பீட்டில் காரின் அடிச்சட்டத்தைக் கொண்டு அமைக்கப்பட்டிருந்த தட்டுவண்டிகளைக் கண்டு ஊக்கம் பெற்ற டச்சு வியாபாரி பென் போன், 1947-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தம் குறிப்பேட்டில் வரைந்த எளிய சித்திரமே, 1950 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் என்னும் வேனாக உருப்பெற்று வெளிவந்தது. அவ்வண்டியின் வடிவத்துக்கும் விற்பனைக்கும் கிடைத்த கீர்த்தியில் சிறு பங்காவது அதன் கிளட்ச் பெடலுக்கும் உரியது என்பது என் அபிப்பிராயம்.

சாரதியின் ஆசனம் முன்னச்சின் மேலே. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்கோடியில். பாதத்தின் ஆணை வண்டியின் நீளத்தைக் கடந்தாக வேண்டியிருந்ததால், ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பிவடம் ஒன்று அடித்தளத்துக் குழாய்க்குள் ஓடி, 1896-இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற வகையிலான வளையும் உறையொன்றின் வழியே வெளிப்பட்டு, கியர்பாக்ஸின் பக்கத்திலுள்ள நெம்புகோலைப் பற்றி இழுத்தது. அவ்வுறை நேராக நிற்காமல் சற்றே தொய்ந்திருக்க வேண்டும் என்பதில்தான் அமைப்பின் சூட்சுமம் இருந்தது. ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்த எஞ்சின், வண்டி புறப்படும் கணத்தில் சிறிது அசையும்போது, தொய்வு போதாத உறையானால் அந்த அசைவே கம்பியை இழுத்தும் விட்டும் வண்டி முழுவதையும் நடுங்க வைக்கும். இதை அறியாதவர் கிளட்ச் தட்டையே குற்றவாளியாக்கி எஞ்சினை இறக்கினர். அறிந்தவரோ உறையின் முனையில் ஒரு வாஷரைச் சேர்த்து வளைவைக் கூட்டிவிட்டு எழுந்து போயினர்.

நோயறியும் வித்தை பெரும்பாலும் பாதத்தில் இருந்தது. பெடலை மெல்ல அழுத்தினால் எதிர்ப்புத் தோன்றுவதற்கு முன்னால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும் என்பது விதி. தட்டின் லைனிங் தேயத் தேய இந்த அசைவு குறையும். கம்பி நீள நீள அது கூடும். இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் நடைபெறும் இரண்டு மூப்புகளில் எது முந்துகிறது என்பதை, நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியனைப் போல், சாரதி அன்றாடம் கண்டுகொள்ள முடிந்தது. அசைவு அறவே மறைந்தால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் அழுந்தித் தட்டு வழுக்கும். எஞ்சின் இரைந்தும் வண்டி மேட்டில் ஏறாது. மிகுந்தால் கிளட்ச் முற்றும் விடுபடாமல் ரிவர்ஸ் கியர் நறநறக்கும். இரண்டுக்கும் நிவாரணம், பின்புறம் குனிந்து, நெம்புகோலின் முனையில் இரு காதுகளோடு இருக்கும் நட்டைக் கையால் திருகுவதே. பெடல் கனத்தால் குழாய்க்குள் கிரீஸ் உலர்ந்திருக்கும், அல்லது துரு ஏறியிருக்கும். திடீரெனத் தரையோடு விழுந்துவிட்டால், இழை இழையாக அறுந்து வந்த கம்பி கடைசி இழையையும் இழந்துவிட்டது என்று பொருள். அப்போதுகூட, முதல் கியரிலேயே ஸ்டார்ட்டரை இயக்கி, எஞ்சின் வேகத்தைக் காதால் அளந்து கியர் மாற்றி, பழகிய சாரதிகள் வீடு சேர்ந்தனர்.

இந்த ஞானம் தொழிற்கூடங்களுக்குள் மட்டும் தங்காமல் சாதாரண ஜனங்களின் கைக்கு வந்ததில் ஜான் ம்யூர் என்னும் அமெரிக்கப் பொறியாளருக்குப் பெரும் பங்குண்டு. 1969-இல் நியூ மெக்ஸிகோவிலிருந்து அவர் வெளியிட்ட ஃபோக்ஸ்வாகன் பழுதுபார்க்கும் கையேடு, பீட்டர் அஷ்வாண்டனின் கோட்டோவியங்களோடு, ஸ்பானரைத் தொட்டறியாதவனையும் வண்டிக்கடியில் தைரியமாகப் படுக்கச் செய்தது. பழைய வேன்களில் தேசாந்திரிகளாகச் சுற்றிய அக்காலத்து அமெரிக்க வாலிபர்களுக்கு மெக்கானிக்கின் கூலி எட்டாத பொருள். வல்லுநரின் வித்தையை இவ்வளவு கருணையோடு பாமரனுக்குப் பகிர்ந்தளித்த தொழில்நூல்கள் அபூர்வம் என்றே கருதுகிறேன்.

1979-இல் வந்த மூன்றாம் தலைமுறை வண்டியில் கம்பிவடம் நீங்கி, பிரேக் ஆயில் அதன் ஸ்தானத்தைப் பெற்றது. நோய்களும் மாறின. பெடல் மெல்லத் தாழ்ந்தால் ரப்பர் வளையத்தில் கசிவு. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. ஆயில் பிரேக்கின் கலத்திலிருந்தே வந்தமையால், கிளட்சின் கசிவைப் பிரேக் கலத்தின் மட்டம் பார்த்தும் அறியலாம். காற்றைப் போக்கவோ, சாதாரண முறையில், ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் பின்னால் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். தனியாளாக வழியில் நின்று கைத் திருகலில் முடித்த காரியம் அத்துடன் இரண்டு பேர் வேலையாயிற்று.